அரக்கும் பாட்டில் பச்சையும்

கத்தரிக்கோலால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு இரண்டு கைகளாலும் பிடித்து ஒரே இழுப்பு. ‘சர்ர்’ என்ற ஓசையோடு நூல் பிசகாமல் நேராகப் பிரிந்து வரும் ரூபியா என்ற ரவிக்கைத் துணி, மெல்லிய பஞ்சுத் தூசியையும் புதுக் கஞ்சியின் வாசனையையும் முகத்தில் தூவிவிட்டு அடங்கும். அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எங்கள் சந்து முழுக்க எல்லாக் கடைகளிலும் ஒரே நேரத்தில் துணி கிழிபடும்போது, கூரைத் தகரத்தில் மழை தொடங்குவது போல இருக்கும்.

தி.நகர் ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் அந்தச் சந்தில், இரண்டு பாத்திரக் கடைகளுக்கு நடுவே, நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாமவர் படியில் நிற்கவேண்டிய அகலத்தில் இருந்தது அப்பாவின் கடை. ‘மேட்சிங் சென்டர்’ என்பது அந்த வகைக் கடைகளுக்கெல்லாம் பொதுப் பெயர். பெண்கள் புடவையைப் பையில் சுருட்டி எடுத்து வருவார்கள். அதே நிறத்தில் ரவிக்கைத் துணி, அதற்கு உள்ளே வைத்துத் தைக்க லைனிங், புடவையின் அடியோரத்துக்கு ‘ஃபால்ஸ்’ என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். சுருக்கமாகச் சொன்னால், ஜோடி இல்லாமல் வந்த ஒன்றுக்கு ஜோடி சேர்த்து அனுப்புகிற வேலை.

அப்பா திசையன்விளைப் பக்கத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் ரயிலேறி வந்தவர். வேறொருவர் கடையில் துணி மடித்துப் பழகி, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். படியேறி வரும் பெண் பையைத் திறக்கும்போதே, உள்ளே தெரியும் புடவை மடிப்பின் ஓரத்தைப் பார்த்து, அவர் கை தானாக ஒரு தட்டை நோக்கி நீளும். ‘நம்ம யாவாரத்துக்கு முதலு பணம் இல்லல, கண்ணு’ என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கு. அந்தக் கண்ணு தன் மகனுக்கும் இருக்குமா என்ற சந்தேகம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் பிறந்தபோது, ‘கடைக்கு ஆளு வந்தாச்சு’ என்று சொல்லி சந்து முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். நாலு வயது மூத்தவளான அக்கா பிறந்தபோதும் மிட்டாய் கொடுத்தார்தான். ஆனால் அப்போது என்ன சொன்னார் என்பதை வீட்டில் யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

அக்காவின் பெயர் பேச்சியம்மாள். குலதெய்வத்தின் பெயர். ஆதம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை வைத்துப் பிள்ளைகள் கேலி செய்தபோது, ‘பிரியா’ என்றோ ‘பிரீத்தி’ என்றோ மாற்றிக்கொள்ளச் சொன்ன தோழிகளிடம், “ஏன், என் பேருக்கு என்ன கொறச்சல்?” என்று கேட்டுவிட்டு வந்தவள். அவளுக்கு ஓவியம் படிக்க ஆசை. அப்பா அவளை அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். சேர்த்துவிட்டார். கல்லூரி மதியத்தோடு முடிந்துவிடும்; அம்மா காலையிலேயே கட்டிக் கொடுத்த டிபன் கேரியரோடு அவள் பஸ்ஸேறி தி.நகர் வந்து, கடைப் படியில் நின்றபடியே அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மாம்பலத்தில் ரயில் பிடித்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். உள்ளே வந்து உட்காருவது கூடாது. அவளும் உட்கார்ந்ததில்லை, ஆனால் படியில் நிற்கிற அந்த நேரத்துக்குள் தட்டுகளை மேலிருந்து கீழாக ஒருமுறை கண்ணால் தடவிவிட்டுத்தான் போவாள்.

எங்கள் தொழிலில் நிறங்களுக்கு இருந்த பெயர்களை இப்போது நினைத்தாலும் நாக்கில் ஒரு ருசி வருகிறது. வெங்காயக் கலர், யானைக் கலர், கத்திரிப்பூ, வாடாமல்லி, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை, கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, அரக்கு. இவற்றை எல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். எந்தப் பெயர் எந்தத் தட்டில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்துவிடுவேன். அப்பா பெயரைச் சொல்வார், நான் இடத்தைப் பார்த்து எடுப்பேன். எல்லோரும் அப்படித்தான் நிறத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

நான் ஒன்பதாவது படித்த வருடம், எங்கள் ஆங்கில ஆசிரியை ஸ்டெல்லா மிஸ் ஒரு புதுப் பழக்கத்தைத் தொடங்கினார். வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரடை. வாரம் ஒருவராக வந்து அதன் பொருள் என்ன, எப்படிப் பயன்படுத்த வேண்டும், சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு எடுத்துக்காட்டு என்று ஆங்கிலத்தில் பேச வேண்டும். எனக்கு வந்த சொல் ‘காம்ப்ளிமென்டரி’. எனக்கு ஒரே சந்தோஷம். அகராதியே வேண்டாம், எங்கள் கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் காலண்டரிலும், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையிலும் பார்த்த சொல்தானே. இலவசமாகக் கொடுப்பது. அவ்வளவுதான்.

கடைக்குப் போகாத ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில் துணி எடுக்க வந்த அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“டேய் முத்து, இது அது இல்லடா. நடுவுல பாரு, என்ன எழுத்து இருக்கு?”

தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் ஒன்றுதான். காதில் கேட்டாலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில்தான் நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது. ‘ஐ’ வந்தால் பாராட்டு, இலவசம், காலண்டர். ‘ஈ’ வந்தால் வேறு சங்கதி. முழுமை என்று பொருள்படும் ‘கம்ப்ளீட்’ என்ற சொல்லில் இருக்கிற அதே ‘ஈ’ இதற்குள்ளும் இருப்பதைக் காட்டி, ஒன்றில் இல்லாததை மற்றொன்று கொண்டுவந்து இரண்டும் சேர்ந்து முழுசாவதுதான் இந்தச் சொல் என்றாள். “அப்ப நம்ம கடை மாதிரி. மேட்சிங்” என்றேன். “இல்லடா. மேட்சிங்னா ஒரே மாதிரி. இது ஒரே மாதிரி இல்லாததால ஜோடி சேருறது” என்றாள். எனக்குப் புரியவில்லை. கீழே போய், கட்டிலுக்கு அடியில் இருந்த தன் போஸ்டர் கலர் டப்பாவையும், அப்பா வீட்டுக்குக் கொண்டுவரும் வெட்டுத் துண்டுகள் நிறைந்த பையையும் எடுத்து வந்தாள். பாட்டில் பச்சைத் துணியைத் தரையில் விரித்து, அரக்குத் துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி அதன் நடுவில் வைத்தாள்.

“பாத்தியா? தனித்தனியா இருக்கும்போது ரெண்டும் சும்மா கெடந்துது. பக்கத்துல வச்சதும் எப்படி எரியுது பாரு! சிவப்பும் பச்சையும் காம்ப்ளிமென்டரி கலர்.”

நான் குனிந்து பார்த்தேன். எதுவும் எரியவில்லை. ஒரு மங்கலான துணியின் மேல் அதே மங்கலான துணி. வட்டத்தின் ஓரம்கூட வெட்டின பிசிரை வைத்துத்தான் தெரிந்தது.

“எதுக்கா எரியுது? ரெண்டும் ஒண்ணுதான?”

விளையாடுகிறேன் என்று முதலில் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பைக்குள் கைவிட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்து நீட்டினாள். வெங்காயக் கலரை யானைக் கலர் என்றேன். இலைப்பச்சையைத் தேன் கலர் என்றேன். மஞ்சளும் நீலமும் மட்டும் சரியாக வந்தன. அவள் துண்டுகளை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“அப்ப கடையில எப்படிடா எடுத்துக் குடுக்குற?”

“எடம் தெரியும்லா.”

மாடியில் வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் தோளைப் பிடித்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, “யார்ட்டயும் சொல்லாத. அப்பாட்ட சொல்லவே சொல்லாத” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. முதலே கண்ணுதான் என்று நம்புகிற மனிதரிடம், உங்கள் கடைக்கு வந்த ஆளுக்கு முதல் இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்த வயதிலேயே அது எனக்குப் புரிந்தது. அதுவரை எனக்கு ஒரு குறை இருப்பது எனக்கே தெரியாது. தெரிந்த அன்று முதல், துணியை உருவும் முன் தட்டுகளை ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணத் தொடங்கினேன்.

அந்தத் தீபாவளிக்கு அப்பா கடைக்கு வெள்ளையடித்தார். அடித்ததோடு நிற்காமல் தட்டுகளை எல்லாம் இறக்கி, புதுச் சரக்கோடு கலந்து புதிய வரிசையில் அடுக்கினார். என் வரைபடம் முழுக்க அழிந்துபோனது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குப் போனபோது, தெரியாத ஊரில் ரயிலை விட்டு இறங்கியவன் போல நின்றேன். அப்போதுதான் கவனித்தேன், மதியமே போயிருக்க வேண்டிய அக்கா இன்னும் போகவில்லை. ஃபால்ஸ் துணிகள் தொங்கும் மூலையில் சிக்கலான நூல்கண்டுகளைப் பிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். “கூட்டமா இருக்கேப்பா, நூலையாவது ஒழுங்குபண்ணித் தாரேன்” என்று கேட்டாளாம். பண்டிகைக் கூட்டத்தில் அப்பாவுக்கு மறுத்துப் பேசவும் நேரமில்லை.

எங்கள் ஏற்பாடு அப்படித்தான் தொடங்கியது. அப்பா ஒரு பெயரைச் சொன்னதும் நான் மூலையைப் பார்ப்பேன். அக்கா நூலிலிருந்து கண்ணெடுக்காமல் “மூணாந் தட்டு, ஓரம்” என்று முணுமுணுப்பாள். நான் எடுப்பேன். இதில் ஒரு விசித்திரத்தை இரண்டு பேரும் சேர்ந்தே கண்டுபிடித்தோம். அவள் சொன்ன இடத்தில் ஒரே நிறத்தில் நாலைந்து சாயல் இருக்கும். கடையின் டியூப் லைட்டில் அவளுக்கு அவை ஒன்றுபோலத் தெரியும். எனக்குத் தெரியாது. நிறம் என்ற அலங்காரம் என் கண்ணில் படாததாலோ என்னவோ, ஒன்று மற்றொன்றைவிட ஒரு நூல் வெளுப்பு, ஒரு நூல் அழுத்தம் என்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. துணியின் நெசவும் அப்படியே. வாடிக்கையாளர்கள் டியூப் லைட்டை நம்பாமல் துணியை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போவார்கள். நான் சொன்னதுதான் வெயிலிலும் சரியாக இருக்கும். எது பச்சை என்று அவள் சொன்னாள், எந்தப் பச்சை என்று நான் சொன்னேன். இரண்டு பேரில் ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனால்கூட மற்றவருக்குக் கை ஓடாது.

ஒரு சனிக்கிழமை அக்கா உண்மையாகவே தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அப்போதுதான் வடபழனியிலிருந்து அந்த அம்மா வந்தார். சினிமாப் படப்பிடிப்புகளில் உடை கவனிக்கும் வேலை செய்பவர். மகளுக்கு வடபழனிக் கோயிலில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு அடுத்து மாற்றிக் கட்டும் புடவைக்கு ரவிக்கைத் துணி கிடைக்கவில்லை. புடவையை விரித்ததும் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மாந்தளிர் நிறமாம். சிவப்பு இழையும் பச்சை இழையும் குறுக்கும் நெடுக்குமாக நெய்தது. இப்படித் திருப்பினால் ஒரு நிறம், அப்படித் திருப்பினால் இன்னொரு நிறம்.

“நாலு கடை ஏறி எறங்கிட்டேன்ணே. ஒருத்தன்கிட்டயும் இல்ல. உங்கைலயாவது கீதா?”

அப்பா வேறு இருவருக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தார். “ஏல முத்து, அந்தத் துரு கலர எடுத்து அம்மாவுக்குக் காட்டு” என்றார். நான் மூலையைப் பார்த்தேன். மூலை காலி. இருப்பதில் ஒன்றை உருவி மேசையில் வைத்தேன்.

“இன்னா நைனா, கண்ணு தெரில? நான் இன்னா கேக்குறேன், நீ இன்னா குடுக்குற?”

அப்பா திரும்பிப் பார்த்தார். நான் வைத்திருந்தது பாட்டில் பச்சை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு அரக்குத் துண்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது என்ன கலருல?”

“பாட்டில் பச்சை.”

“அப்ப இது?” மேசையில் நான் வைத்ததைத் தொட்டுக் காட்டினார்.

“அரக்கு.”

யாரோ சிரித்தார்கள். “யாவார நேரத்துல வெளாட்டா?” என்று அப்பா கையை ஓங்கினார். படியேறிக்கொண்டிருந்த அக்கா கூட்டத்தை விலக்கி உள்ளே வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

“அடிக்காதீங்கப்பா. அவன் வெளாடல. அவனுக்கு சிவப்பும் பச்சையும் தெரியாது. நெசமாவே தெரியாது.”

“என்னட்டி சொல்லுத?”

“பொறந்ததுலேந்தே தெரியாதுப்பா. இத்தன நாள் எடத்த வச்சு எடுத்துக் குடுத்திருக்கான். இப்ப நான் சொல்லிச் சொல்லி எடுத்துக் குடுக்கான்.”

அப்பாவின் கை எப்போது கீழே இறங்கியது என்று எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூட்டத்தைத் தாண்டிப் போய்ப் படியில் இறங்கி, தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

வடபழனி அம்மாதான் முதலில் பேசினார். “சரி, உங்க ஊட்டுப் பஞ்சாயத்து அப்பால. எனக்கு இப்ப யாரு துணி குடுக்கப் போறது?”

“நாங்க குடுக்குறோம்க்கா” என்றாள் அக்கா.

அவள் புடவையைக் கையில் எடுத்து, ஒற்றை முனையை விரலில் சுற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இதுக்கு மேட்சிங் கெடைக்காது. இது ஒரு கலரே இல்ல, ரெண்டு கலரு. நம்மளும் ரெண்டாவே குடுப்போம்டா” என்று என்னிடம் சொன்னாள். துரு கலரில் மெல்லிய ரூபியா. அதற்கு உள்ளே, வழக்கம்போல அதே நிற லைனிங் வைக்காமல், பச்சை லைனிங். மேலே சிவப்பு, அடியில் பச்சை. புடவையில் இழையாக இருப்பதை இதில் அடுக்காக வைத்துவிடுவது. யோசனை அவளுடையது. ஆனால் எந்த ரூபியா, எந்தப் பச்சை? தட்டில் இருந்த பச்சைகளை அவள் வரிசையாக இறக்கினாள். நான் ஒவ்வொன்றையும் துருத் துணிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றை வைத்தால் மேல் துணி இருண்டுபோனது; ஒன்றை வைத்தால் அடியில் இருப்பதே தெரியவில்லை. ரூபியாவிலும் ஒன்று நெருக்கமான நெசவு, அடியில் எதை வைத்தாலும் மறைத்துவிடும். அதைத் தள்ளிவிட்டு விரல் தெரிகிற அளவுக்கு மெலிசான ஒன்றை எடுத்தேன். கடைசியில் ஒரு பச்சையைச் செருகிப் புடவையின் மேல் வைத்தபோது, எங்கே புடவை முடிகிறது, எங்கே துணி தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

“வெயில்ல காட்டு” என்றார் அந்த அம்மா, நம்பாமல். அவரே இரண்டையும் அள்ளிக்கொண்டு படியில் இறங்கினார். அங்கே அப்பா நின்றுகொண்டிருந்தார். வெயிலில் புடவையைத் தோளில் போட்டு, துணியை அதன் மேல் வைத்து, இப்படியும் அப்படியும் திரும்பினார். புடவை மாறும்போதெல்லாம் துணியும் கூடவே மாறியது.

“அண்ணே, இங்க பாருண்ணே. ஷூட்டிங்ல கீற டிசைனருங்களாண்ட காட்டுனா ஆடிப்புடுவாங்க. உன் புள்ளைங்களா இதுங்க?”

அப்பா துணியைத் தொட்டார். மேல் துணியைத் தூக்கி உள்ளே இருந்த பச்சையைப் பார்த்தார். மறுபடி மூடினார். மறுபடி தூக்கினார். கடைக்கு உள்ளே நாங்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தபடி நின்றோம்.

“ஆமா. எம் பிள்ளையதான்” என்றார்.

அன்று ராத்திரி மாம்பலத்தில் ரயிலேறிப் பரங்கிமலையில் இறங்கினோம். வீட்டுக்கு நடக்கும்போது அப்பா அக்காவிடம் கேட்டார்.

“காலேசு எத்தன மணிக்கு முடியும்ட்டி?”

“மதியத்துல முடிஞ்சிரும்ப்பா.”

“படியில நிக்காண்டாம். உள்ள வந்துரு.”

ரோட்டைக் கடக்கும்போது, சிறு வயதில் பிடித்துக்கொள்வது போல என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு அது வெட்கம்தான். நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

செய்தி சொந்தக்காரர்களுக்குப் போகாமல் இருக்குமா? பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அவருக்கும் தி.நகரில்தான் பாத்திர வியாபாரம். காப்பியைக் கையில் வாங்கியதும், “பொட்டப்பிள்ளைய கடையில நிக்க வச்சிருக்கியாம்லா? நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?” என்றார். அப்பா பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. “பொட்டப்பிள்ளையவா நிக்க வச்சிருக்கேன்? என் முதல வச்சிருக்கேண்ணே. ஒரு கண்ணு அவ, ஒரு கண்ணு அவன். பொண்ணு கேட்டு வாறவன் கடைக்கு வந்தே கேக்கட்டும்” என்றார். அடுப்படியில் அம்மா பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை மேல் விடுமுறை. ஸ்டெல்லா மிஸ் வகுப்பில் நான் பேச வேண்டிய முறை தள்ளிக்கொண்டே போய், தீபாவளி முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெட்டுத் துண்டு இரண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கரும்பலகைக்கு முன் நின்றேன். சொல்லின் நடுவில் இருக்கும் எழுத்தைப் பற்றிச் சொன்னேன். இலவசக் காலண்டரைப் பற்றிச் சொன்னபோது வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், துண்டுகளை எடுத்துக் காட்டி, இதில் எது சிவப்பு, எது பச்சை என்று எனக்குத் தெரியாது என்றேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் ஒருவன், “அப்ப மேட்சிங் கடை எப்டிடா நடத்துறீங்க?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்: என் அக்காவும் நானும் மேட்சிங் இல்லை, காம்ப்ளிமென்டரி. ஸ்டெல்லா மிஸ் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதினார். இலக்கணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். அவர் எதையும் திருத்தவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு சார் அழிக்கும்வரை அது அங்கேயே இருந்தது.

பிறகு நடந்தவற்றை இந்த ஊரில் புடவை கட்டும் எல்லோரும் அறிவார்கள். சில வருடங்களில் ‘மேட்சிங்’ மோகம் போய் ‘கான்ட்ராஸ்ட்’ வந்தது. மஞ்சள் புடவைக்கு ஊதா, நீலத்துக்கு ஆரஞ்சு, ரோஜாவுக்குக் கிளிப்பச்சை என்று பெண்கள் வேறு நிறம் கேட்டு வந்தபோது, இத்தனை காலம் ஒரே நிறத்தைத் தேடிப் பழகிய சந்துக் கடைக்காரர்கள் தடுமாறினார்கள். கையால் வரைந்த நிறச் சக்கரம் ஒன்றை மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டு அக்கா தடுமாறாமல் நின்றாள். அவளைத் தேடி மயிலாப்பூர் மாமிகள் வந்தார்கள், கச்சேரிக்குப் பாட வரும் பெண்கள் வந்தார்கள், வடபழனியிலிருந்து ஆட்டோ ஆட்டோவாக வந்தார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடி, “மகட்ட கேளுங்க” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாத மனிதராக மாறிப்போனார். பொண்ணு கேட்டு வந்தவரும் கடைக்கு வந்தேதான் கேட்டார். இன்று அவர் அக்காவின் கடைக்குச் சரக்கு எடுக்க ஊர் ஊராகப் போய் வருகிறார்.

நான் தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கல்லூரி முடிக்கும்வரை எல்லாப் பண்டிகைக்கும் அக்காவோடு கடையில் நின்றேன். இப்போதும் பெரிய கல்யாணக் கொள்முதல் வந்தால், “சனிக்கிழமை வந்துருடா, எனக்கு அழுத்தம் பாக்க ஆளில்ல” என்று போன் வரும். போவேன். எங்கள் பழைய கடை இருந்த இடத்தில் லிஃப்ட் வைத்த கட்டடம் எழுந்துவிட்டது. பாத்திரக் கடைகள் இரண்டும் இல்லை. அப்பாவும் இல்லை. வெயிலில் துணியைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கும் பெண்கள் நிற்க இப்போது அங்கே வெயிலே விழுவதில்லை. அக்காவின் புதுக் கடை பாண்டி பஜார் பக்கம் இரண்டு மாடியாக, பகல் போலவே எரியும் விளக்குகளோடு இருக்கிறது. பலகையில் அவள் பெயர், சுருக்காமல், முழுசாக.

போன மாதம் வடபழனியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் அக்காவின் மகன் உட்கார்ந்திருந்தான், ஏழாவது படிக்கிறான். நிறம் தெரியாத இந்தக் குறை தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், வந்திருந்தது. அதைக் கேள்விப்பட்ட ஒரு பெரியவர் எதிர் வரிசையிலிருந்து எட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, தன் தோளில் கிடந்த சால்வையைத் தூக்கிக் காட்டி, “எலேய், இது என்ன கலரு, சொல்லு பாப்போம்!” என்றார். நான் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கொஞ்சம் தள்ளிப் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கரண்டியோடு நிமிர்ந்தாள், ஆனால் வரவில்லை.

அவன் அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

“அது எனக்குத் தெரியாது தாத்தா. நீங்களே சொல்லுங்க.”

சொல்லிவிட்டுப் பாயசம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். பெரியவர் சால்வையை இறக்கிவிட்டு, “சிவப்புதான்யா” என்றார், ஏதோ தான்தான் தேர்வு எழுதியவர் போல. ‘எனக்குத் தெரியாது’ என்பது அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடிய வாக்கியம் என்று என் பதினான்காம் வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த இலைக்குப் பரிமாறப் போய்விட்டாள்.